வலப்பக்கம் மூன்று விரல்

கருணாகரனுக்குப் படம் எடுக்க வராது. பதினோரு வருடமாக மயிலாப்பூர் ஞாயிறு ஒளிப்படக் குழுவில் இருக்கிறார். சம்பாத்தியத்தில் பாதியைக் கேமராவிலும் லென்ஸிலும் போட்டிருக்கிறார் என்று மனைவி மீனாட்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எடுக்கும் படத்தில் கோடெல்லாம் நேராக இருக்கும், வெளிச்சம் அளவாக இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. ஒரு கண்காட்சியிலாவது அவர் படத்தின் முன்னால் யாரும் அரை நிமிடம் நின்றதில்லை.

ஆனால் அடுத்தவர் படத்தைப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். பேச்சில் வன்மம் இருக்காது. முதலில் படத்தில் நல்லது எதுவோ அதைச் சொல்வார், பிறகு குறை, பிறகு அதைச் சரிசெய்ய ஒரு வழி. வழி சொல்லாமல் குறை மட்டும் சொல்வது திண்ணைப் பேச்சு என்பது அவர் கட்சி. அவர் சொன்னபடி திருத்திய படங்கள் பரிசு வாங்கின. வாங்கியவர்கள் ஸ்வீட் டப்பாவோடு தி. நகர் கடைக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மாதிரி நாட்களில் கருணாகரன் கல்லாவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

கடை, உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அவர் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து போட்ட மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து பிரித்துப் போட்டால் அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து உருவிக் கொடுக்க வேண்டும். கருணாகரன் ஒன்பது வயதிலிருந்து அதைத்தான் செய்கிறார். சிவப்பில் மட்டும் அறுபது வகை வைத்திருந்தார். வெயிலில் பார்த்தால் மாறும், டியூப்லைட்டில் பார்த்தால் மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரத் துணியை ஒரு கூடையில் போடுவார்கள். கடை சாத்தும்போது கூடை காலியாகிவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருந்தால் மனசு அதிலேயே நிற்கும் என்று அப்பா சொன்னதை மகன் படத்துக்கும் வைத்துக்கொண்டார். "வெட்டிட்டீங்களா? பழசை அழிச்சிடுங்க. இல்லைன்னா நாளைக்கு மறுபடியும் அதைத் தடவிக்கிட்டு உக்காருவீங்க" என்பார். எடுத்ததில் ஒன்றை வை, மீதியை அழி என்பது அவருடைய இன்னொரு பாடம்.

குழு மாதத்தில் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு பாட்டு வகுப்பின் மாடி அறையில் கூடும். செயலாளர் கிரீஷ் லேப்டாப்பில் எல்லோர் படத்தையும் ஏற்றித் திரையில் போடுவார். அங்கே ஒரு சட்டம் உண்டு. தன் படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் நன்றி மட்டும் சொல்லலாம். இதைக் கொண்டுவந்தவரே கருணாகரன்தான். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் படத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். அதிகாலையில் எழுந்தேன், முழங்கால் தண்ணீரில் நின்றேன் என்று. கேட்டு இரக்கப்பட்டு எல்லோரும் கைதட்டுவார்கள். படம் பாட்டுக்கு மோசமாக இருக்கும். சட்டம் வந்தபிறகு படங்கள் தேறின. அதில் பொய்யில்லை.

தேவானை குழுவுக்கு வந்தது ஒரு விபத்து மாதிரிதான். அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை அவளுக்கு. வீடு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில். ஒருநாள் காலை குழுக்காரர்கள் முகத்துவாரத்தில் பறவைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது நின்று வேடிக்கை பார்த்தவள், "இன்னா சார், அவ்ளோ நேரமா அந்தக் கொக்கையே குறி பாத்துகினு கீறீங்க, இத்த பாருங்க" என்று தன் செல்போனை நீட்டினாள். கிரீஷ் வாங்கிப் பார்த்துவிட்டுக் கருணாகரனிடம் கொடுத்தார். ஓலைப்பாயில் தூங்குகிற ஒரு ஆள், மேலே துணிக்கொடியின் நிழல். அவ்வளவுதான் படம். கருணாகரனுக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. முப்பத்தெட்டு வயதுப் பெண், ஒன்பதாயிரம் ரூபாய் போன், யாரும் சொல்லித்தராத கண். மறு வாரமே அவளைக் குழுவில் சேர்த்தார்கள்.

மற்றவர்கள் அவள் படம் வந்தால் "ஆகா" என்று முடித்துக்கொள்வார்கள். கருணாகரன் மட்டும் அவளுக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே குறை சொன்னார். ஏழை என்பதற்காகப் பாராட்டுவது அவமானம் என்று அவர் நினைத்தார். தேவானையும் அதை விரும்பினாள். அவர் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தாள். போனில் முந்நூறுக்கு மேல் வீட்டுப் படங்கள் வைத்திருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினைந்தை வைத்துக்கொண்டு பாக்கியை அழித்தாள். அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னபோது கருணாகரன் எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டி, "இதுதான் தைரியம்" என்றார்.

ஜூன் மாதக் கூட்டத்தில் வேலு படம் வந்தது. வேலு அவள் புருஷன், பெயிண்ட் வேலைக்குப் போகிறவன். வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையகல ரசம் போன கண்ணாடியில் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருக்கிறான். பாதி முகம் நுரை. கண்ணாடிக்குள் ஒரு கண் மட்டும் தெரிகிறது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த காலை வெளிச்சம் நுரைமேல் விழுந்திருக்கிறது.

கருணாகரன் எழுந்து திரைக்குப் போனார். முதலில் கண்ணாடியைச் சொன்னார், பிறகு வெளிச்சத்தை. பிறகு தன் மூன்று விரல்களைச் சேர்த்துத் திரையின் வலது ஓரத்தில் வைத்தார். அந்த இடத்தில் கதவும் கதவுக்குப் பக்கத்துத் தகரமும் இருந்தன. தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் என்னவோ எழுதியிருந்தது.

"இதுதான் இடிக்குது. கண்ணு நேரா முகத்துக்குப் போகணும். இந்தச் சிவப்பு குறுக்க நின்னு இழுத்துக்கிட்டுப் போயிடுது. வலப்பக்கம் மூணு விரல் எடுத்துடுங்க. அப்புறம் பாருங்க."

தேவானை கையைத் தூக்கினாள். "சார், அது வந்து..."

"சட்டம், சட்டம்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரீஷ் லேப்டாப்பிலேயே வெட்டிக் காட்டினார். உண்மையிலேயே அது வேறு படமாகிவிட்டது. வேலுவின் ஒற்றைக் கண் அறையில் இருந்த எல்லோரையும் பார்த்தது. கருணாகரனுக்கே உடம்பு சிலிர்த்தது. தன் வாழ்நாளில் தான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அவர் மனசுக்குள் ஒரு திருட்டு எண்ணம் ஓடியது. தேவானை நன்றி சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலமே போனிலும் வெட்டிவிட்டு, பழசை அழித்தாள்.

ஆகஸ்டில் கண்காட்சி. வேலு படத்துக்கு முதல் பரிசு. பெரிதாக அச்சடித்து, கறுப்புச் சட்டம் போட்டு மாட்டினார்கள். வேலு கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து தன் முகத்தின் முன்னால் நின்றான். "இவ்ளோ பெர்சா என் மூஞ்சா?" என்றான். மகள் தமிழ்மொழி அவனை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தாள். இதைவிட நல்ல நாள் அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் வரவில்லை.

டிசம்பர் மழையில் ஆறு வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அதிகாரிகளும் இயந்திரமும் வந்து கரையைக் காலி செய்தார்கள். கருணாகரன் அதைச் செய்தித்தாளில் படித்தார். தேவானை இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். போன் பண்ண வேண்டும் என்று நினைத்தார். கல்யாண சீசன், கடையில் நிற்க இடமில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளே கடைக்கு வந்தாள். புடவையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்களுக்குப் பின்னால் ஓரமாக நின்றாள். ஆள் இளைத்திருந்தாள்.

"சார், வேலு ஷேவ் பண்ற படம், வெட்டாத படம், அது உங்களாண்ட கீதா?"

கருணாகரன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "அதை ஏன் தேடுறீங்க? வெட்டினதுதானே..."

"நம்பர் தெரியிற படம் ஓணும் சார்."

பிறகு அவள் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் கணக்கெடுக்க வந்தவர்கள் வீடுவீடாகத் தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். அவள் மாமியாரும் கொழுந்தன் பாலு குடும்பமும் இருந்த வீடு 118. நடுவில் தடுத்துத் தனி வாசல் வைத்து அவளும் வேலுவும் மகளும் இருந்த வீடு 118-ஏ. ஆளுக்கொரு சீட்டும் கொடுத்தார்கள். அவள் சீட்டு டிசம்பர் தண்ணீரில் கூழாகிப் போனது. இடித்தபிறகு வந்த பட்டியலில் 118 மட்டும் இருந்தது. ரேஷன் கார்டில் விலாசம் ஒன்று, கேஸ் இணைப்பு மாமியார் பேரில். எல்லோரும் ஒரே குடும்பம் என்று முடித்துவிட்டார்கள். மாற்றாகக் கொடுத்தது நகரத்துக்கு வெளியே எட்டாம் மாடியில் ஒற்றை அறை வீடு. அதில் இப்போது ஒன்பது பேர்.

"பத்தாவது படிக்கிற பொண்ணு சார். மாடிப்படில உக்காந்து படிச்சிகினு கீது. பழைய போட்டோல நம்பர் இருந்தா எடுத்துகினு வா, பாக்கலாம்ன்றாங்கோ ஆபீசுல. வெள்ளிக்கிழமதான் கடசி நாள்."

"உங்க போன்ல வேற படம்..."

"நீங்கதான சார் ஒண்ண வச்சிகினு மத்தத அழிக்கச் சொன்னீங்க." குற்றம் சொல்கிற மாதிரி அல்ல, தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "வச்சிகினு இருந்த பதினஞ்சுல வேற எதுலயும் வாசப்படி இல்ல."

கருணாகரன் கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு எழுந்தார். போனைத் துழாவினார். குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் ஏழு நாளில் தானாக மறைந்துவிடும். எல்லோர் போனும் நிரம்பி வழிகிறது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவரும் அவரே. வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. அவருடைய லேப்டாப் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். கிரீஷைக் கூப்பிட்டார்.

"ஜூன் மீட்டிங் ஃபோல்டரா? அதெல்லாம் கண்காட்சி முடிஞ்ச கையோட எடுத்துட்டேனே சார். இடத்தை அடைச்சுண்டு இருந்தது. ஃபைனல் மட்டும்தான் வச்சுண்டிருக்கேன்" என்றார் கிரீஷ். பிறகு தயங்கி, "ஏன் சார், ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றார்.

அன்றைக்கு முழுக்கத் தேடினார். அழித்ததை மீட்கிற கடை ஒன்றுக்குத் தேவானையின் போனைக் கொண்டுபோனார். எட்டு மாதத்தில் அதன்மேல் எத்தனையோ ஏறிவிட்டது, ஒன்றும் கிடைக்காது என்று கடைக்காரன் கையை விரித்தான். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மீனாட்சி, "நல்லதுக்குத்தானே சொன்னிய? கனவா கண்டிய?" என்றாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன். அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் அவர். அது அவருக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தேவானையோடு அவரும் வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போனார். கண்காட்சியில் மாட்டிய பெரிய படத்தைக் கிரீஷிடமிருந்து வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். பரிசுச் சான்றிதழையும் வைத்துக்கொண்டார். படித்த அதிகாரி, படத்தைப் பார்த்தால் மனசு இளகும் என்று ஒரு நம்பிக்கை. கெட்ட நேரத்தில் மனுஷனுக்கு எதெதன்மேல் நம்பிக்கை வருகிறது பாருங்கள்.

அங்கே ஒரு பெஞ்சு முழுக்க அந்தக் கரைக்காரர்கள். தேவானைக்கு மூன்று வீடு தள்ளியிருந்த பொன்மணி, கையில் ஒரு படத்தோடு முன்னால் நின்றாள். கருணாகரன் எட்டிப் பார்த்தார். யாருடைய பிறந்தநாளோ. கேக்குக்குப் பின்னால் ஏழு பேர் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இரண்டு தலை பாதியில் போய்விட்டது, ஃபிளாஷ் பட்டு எல்லோர் கண்ணும் சிவப்பு, மூலையில் எடுத்தவன் கட்டைவிரல். பின்னால் தகரத்தில் 121 என்று பளிச்சென்று இருந்தது. அதிகாரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் படம் கோணல். அதற்கடுத்தது கலங்கல், வெறும் கதவும் ஒரு ஆடும். எல்லாவற்றிலும் எண் இருந்தது, எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்தது. இந்தப் படங்களில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமைத் திரையில் விழுந்திருந்தால் கருணாகரன் பேசுவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்.

தேவானையின் முறை வந்தது. அதிகாரி நாற்பது வயதுப் பெண். கெட்டவர் இல்லை. செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை வைத்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் எடுத்தது? நீங்களா?" என்று தேவானையைக் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. நிஜமாவே." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்பர் எங்க?" என்றார்.

கருணாகரன் நடந்ததைச் சொன்னார். தான் வெட்டச் சொன்னது, அவள் வெட்டியது, அழித்தது. அதிகாரி முழுக்கக் கேட்டார்.

"சரி, ஒண்ணு செய்யலாம். நீங்க வெளியாள், கடை வச்சிருக்கீங்க, இதுல உங்களுக்கு ஆதாயம் இல்லை. முழுப் படத்தையும் பார்த்திருக்கீங்க. அதை எழுதிக் கொடுங்க, நான் மேல அனுப்புறேன். ஆனா ஒரு விஷயம் தெளிவா எழுதணும். நாங்க கணக்கெடுத்தபிறகு அந்த வரிசையில பதினாலு பேர் நம்பர் பக்கத்துல தாங்களா ஏ, பி-ன்னு சேர்த்து எழுதிக்கிட்டாங்க. பெயிண்ட் மாறியிருக்கும், பார்த்தாலே தெரியும். இந்தத் தகரத்துல 118-ம் ஏ-வும் ஒரே பெயிண்டா?"

"ஒரே பெயிண்டு மேடம்," என்றாள் தேவானை. "அவுங்களேதான் எய்தினாங்கோ."

"நீங்க சொல்லக் கூடாதும்மா. அவர் சொல்லணும்."

ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார்கள். கருணாகரன் தன் பெயர், அப்பா பெயர், கடை விலாசம் எழுதினார். ஜூன் மாதம் இந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன் என்று எழுதினார். அங்கே பேனா நின்றது.

கண்ணை மூடினார். நுரை வந்தது. கண்ணாடி வந்தது, அதன் விளிம்பில் ரசம் உரிந்திருந்தது கூட வந்தது. வேலுவின் தோளில் கிடந்த துண்டின் கட்டம், ஈர மண்ணின் பழுப்பு எல்லாம் வந்தன. வலப்பக்கம் ஒரு சிவப்பு. அவ்வளவுதான். அது எண்ணா எழுத்தா, ஒரு சிவப்பா இரண்டு சிவப்பா, எதுவும் இல்லை. தான் கையை வைத்து மறைத்த இடத்தை அவர் ஒரு கணம்கூடப் பார்த்திருக்கவில்லை.

தேவானை அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி. "இரண்டும் ஒரே பெயிண்ட்." எழுதினால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? தகரமே இல்லை. எழுதலாம் என்றுதான் நினைத்தார். அப்போது அதிகாரி, "பின்னாடி விசாரணை வந்தா நீங்க நேர்ல வந்து சொல்ல வேண்டியிருக்கும், பரவாயில்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

கருணாகரன் பேனாவைக் கீழே வைத்தார். "கவனிக்கலை மேடம்," என்றார்.

வீட்டில் மீனாட்சியிடம் இதை நேர்மை என்றுதான் சொன்னார். நேர்மை இல்லை, பயம். மேலே எழுதியிருந்த கடை விலாசம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேவானை இடத்தில் தன் மகள் நின்றிருந்தால் எழுதியிருப்பார். அது அவருக்கும் தெரியும்.

அதிகாரி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மனுவின் மேல் ஆதாரம் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இருவரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். நல்ல வெயில். அவள் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அவள் கத்தியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று கருணாகரனுக்கு இருந்தது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் படத்தையாவது நீங்க வச்சுக்கோங்க தேவானை."

"எங்க சார் மாட்டறது? செவுரு ஓரம் பூரா ஆளுங்க படுத்துகினு கீறாங்கோ."

அவர் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"பாத்துட்டுதான சார் வெட்டச் சொன்னீங்க?"

"படத்தைத்தான் பார்த்தேன் தேவானை."

"அது எங்க வூடு சார்," என்றாள்.

பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் இரண்டு பேரை இடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.